கம்பி இருக்க வேண்டிய இடம்



போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். புது வீட்டுக்கு ரூஃப் போடக் கம்பி கட்டி முடித்த படம். "வெள்ளிக்கிழமை கான்கிரீட் மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தான். சித்திமார், அத்தைமார் எல்லாரும் கைகூப்பும் படமும் பூங்கொத்தும் அனுப்பி வாழ்த்திவிட்டார்கள். நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பி நல்ல கம்பி. நெருக்கமாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் கீழ்க்கம்பி முழுவதும் சென்ட்ரிங் ஷீட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. பால்கனிப் பக்கத்தில் மேலே நிற்க வேண்டிய கம்பியின் மீது இரண்டு பேர் ஏறி நின்று படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாரத்தில் அந்தக் கம்பி கீழே தொங்கியது.

உடனே போன் செய்தேன். "இன்ஜினியர் வந்து பார்த்துட்டார் மாமா. கம்பி எடை எல்லாம் சரியா இருக்கு" என்றான். "எடை சரிடா, இடம் சரியா இருக்கா?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. அன்று அவனிடம் அரைமணி நேரம் பேசியதை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறேன். உங்களில் பலர் இப்போது வீடு கட்டும் வயதில் இருக்கிறீர்கள். சிலர் கட்டட வேலையிலேயே இருக்கிறீர்கள். நீண்ட பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இன்ஜினியர் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலேயே வாழ்நாளைக் கழித்தவன். இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கக் காரணம் என் சொந்த வீட்டில் நடந்த ஒன்று. அதையும் மறைக்காமல் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சாக்பீஸ் பாடம். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு முழு சாக்பீஸை மேசை மேல் நிமிர்த்தி வைத்துத் தலையில் கட்டைவிரலால் அழுத்தினால் உடையாது. அதையே இரண்டு முனையிலும் பிடித்து லேசாக வளைத்தால் "டக்" என்று ஒடிந்துவிடும். ஏன்? ஒரு பொருளை வளைக்கும்போது உள்வளைவுப் பக்கம் நெருக்கப்படுகிறது, வெளிவளைவுப் பக்கம் இழுக்கப்படுகிறது. சாக்பீஸ் நெருக்குதலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. கான்கிரீட்டும் அதே ஜாதிதான். நெருக்குதலைத் தாங்கும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும் பலம்.

இரண்டு சுவர்களின் மேல் கிடக்கும் தளம் தன் பாரத்தால் நடுவில் லேசாகத் தொய்யப் பார்க்கும். அப்போது இழுபடுவது அடிப்பக்கம். ஆகவே கம்பி அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் இது தலைகீழ். ஒரு பக்கம்தான் பிடிமானம். நுனி கீழே இறங்கப் பார்க்கும். அப்போது இழுபடுவது மேல்பக்கம். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். பாடம் இவ்வளவுதான். ஆனால் உலகம் இந்தப் பாடத்தைப் படித்து முடிக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாறுதான் இந்தப் பதிவு.

கான்கிரீட் ஒன்றும் புதிய பொருள் அல்ல. ரோம் நகரில் பாந்தியன் என்னும் கோயிலின் குவிமாடம் கான்கிரீட்டால் ஆனது. விட்டம் 43 மீட்டர். 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. அதற்குள் கம்பி கிடையாது. குவிமாடத்தில் பாரம் பெரும்பாலும் நெருக்குதலாகவே கீழே இறங்கும் என்பதால் அது சாத்தியமானது. மேலே மனிதன் நடமாட மட்டமான தளம் வேண்டும் என்றால்தான் சிக்கல். மட்டத்தளம் வளையும், வளைந்தால் இழுப்பு வரும்.

நம் முன்னோருக்கும் இது தெரியும். கல்லும் இழுப்புக்கு இளைத்ததுதான். கோயில் மண்டபங்களில் தூண்களை ஏன் அவ்வளவு நெருக்கமாக நட்டார்கள்? அழகு மட்டும் காரணம் அல்ல. தலைக்கு மேல் கிடக்கும் கல் உத்தரம் ஒரு அளவுக்கு மேல் நீண்டால் நடுவில் அடிப்பக்கம் வெடித்துவிடும்.

வீடுகளில் அந்த இழுப்பை மரத்திடம் விட்டார்கள். பழைய மச்சு வீடுகளில் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சிறு செங்கற்களைச் சாய்கோணத்தில் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று ஊர் பெயரிலேயே இதற்குப் பெயர். இதில் செங்கலும் சாந்தும் நெருக்குதலை மட்டும் வாங்கும். வளைவையும் இழுப்பையும் தேக்கு வாங்கும். கட்டை கறையான் அரிக்காமல் இருக்கும்வரை தளம் நிற்கும்.

இங்கிலாந்தில் பிரச்சினை கறையான் அல்ல, தீ. பஞ்சாலைகளில் மரத்தளங்கள் எண்ணெயும் பஞ்சும் ஊறிக் கிடந்து திடீர் திடீரென்று எரிந்தன. அதனால் மரத்துக்குப் பதில் வார்ப்பிரும்பு உத்தரம் போட்டு, உத்தரத்துக்கு உத்தரம் செங்கல் வளைவு கட்டினார்கள். ஷ்ரூஸ்பரி ஊரில் 1797-ல் கட்டிய சணல்நார் ஆலைதான் முழுக்க இரும்புச் சட்டத்தில் நின்ற முதல் கட்டடம் என்கிறார்கள். நம் ஊர்ப் பழைய ரயில் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே சிறு சிறு செங்கல் வளைவுகளாக ஓடும் கூரையைப் பார்த்திருப்பீர்கள். அது இதன் பேரப்பிள்ளை. ஆனால் இதிலும் ஒரு குறை. உத்தரத்தின் அடிப்பக்கம் வெளியே தெரியும். தீப்பிடித்தால் இரும்பு சூடேறிப் பலம் இழந்துவிடும்.

1824-ல் லீட்ஸ் ஊரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு சிமெண்டுக்குள் இரும்பை வைத்துப் பார்க்கப் பலருக்கும் தோன்றியது. பிரான்சில் லாம்போ என்பவர் 1848-ல் கம்பிவலையில் சிமெண்ட் பூசி ஒரு படகு செய்தார். 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்தார்கள். அதே பிரான்சில் ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர். மரத்தொட்டி மக்குகிறது, மண்தொட்டி உடைகிறது என்று சலித்துப்போய், கம்பிக்கூடு கட்டிச் சிமெண்ட் பூசிப் பூந்தொட்டி செய்தார். 1867-ல் காப்புரிமை பெற்றார். பிறகு குழாய், தண்ணீர்த் தொட்டி, பாலம், தளம் என்று போய்க்கொண்டே இருந்தார்.

மோனியேயின் கைவேலையில் குறை இல்லை. ஆனால் கம்பி எதற்காக உள்ளே இருக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகப் பிடிபடவில்லை. உடம்புக்கு எலும்பு போல, பொருளுக்கு ஓர் உருவம் கொடுக்கத்தான் கம்பி என்று எண்ணினார். அதனால் தளத்திலும் கம்பியைக் கனத்தின் நடுவிலேயே வைத்தார். நடு என்பது வளையும்போது இழுபடாத, நெருங்காத இடம். அங்கே கம்பிக்கு வேலையே இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி.

வியப்பு என்னவென்றால், மோனியேக்கு 13 ஆண்டுகள் முன்பே ஒருவர் சரியான இடத்தைக் கண்டுபிடித்திருந்தார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வில்லியம் வில்கின்சன் என்ற பூச்சு வேலைக்காரர். 1854-ல் தீப்பிடிக்காத வீடுகளுக்காக அவர் வாங்கிய காப்புரிமையில், கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கயிறுகளை வைக்கச் சொன்னார். அந்தக் கயிறு தாங்கும் இடத்தில் உயரமாகவும், நடுவில் அடிப்பக்கத்தை ஒட்டித் தாழ்வாகவும் தொங்க வேண்டும் என்றார். துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவம். கல்லூரிக் கணக்கு எதுவும் இல்லாமல், கையறிவால் ஒரு தொழிலாளி கண்ட உண்மை இது. ஆனால் அவரை யாரும் கவனிக்கவில்லை. அவர் கட்டிய ஒரு சிறு வீட்டை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து இடித்தபோதுதான், உள்ளே இருந்த இரும்பைப் பார்த்து வல்லுநர்கள் வியந்தார்கள்.

அடுத்தவர் தாடியஸ் ஹையட் என்ற அமெரிக்கர். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை. லண்டனில் டேவிட் கிர்கால்டி என்பவர் பொருள்களின் பலத்தைச் சோதிக்கும் நிலையம் வைத்திருந்தார். "கருத்துகள் அல்ல, உண்மைகள்" என்ற பொருளில் அதன் வாசலுக்கு மேல் கல்லில் பொறித்திருப்பார்கள். பள்ளிக்கூட வாசலிலும் வைக்கலாம். அங்கே ஹையட் பல கான்கிரீட் உத்தரங்களைச் செய்து கொடுத்து உடைத்துப் பார்த்து, 1877-ல் முடிவுகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். இழுபடும் பக்கத்தில் இரும்பு, நெருங்கும் பக்கத்தில் கான்கிரீட் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று காட்டினார். இன்னொன்றையும் கண்டார். சூட்டில் இரும்பும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நீள்கின்றன. இது மட்டும் இல்லாமல் போயிருந்தால், ஒவ்வொரு சித்திரை வெயிலிலும் கம்பியும் கான்கிரீட்டும் ஒன்றை ஒன்று உதறிக்கொண்டு பிரிந்திருக்கும். நம் வீடுகளே இருந்திருக்காது.

ஜெர்மனியில் வாய்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் மோனியேயின் உரிமையை வாங்கினார். அங்கே அரசுக் கட்டடப் பொறியாளராக இருந்த மத்தியாஸ் கோனென் முதலில் இதை நம்பவில்லை. சோதனைகளைப் பார்த்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1886-ல் அதை வெளியிட்டார். மேல்பாதி நெருக்கம், கீழ்ப்பாதி இழுப்பு, ஆகவே கம்பி அடியில் என்று எண்ணால் நிறுவினார். தோட்டக்காரரின் கம்பி அன்றுதான் நடுவிலிருந்து கீழே இறங்கியது.

கதையை முடித்து வைத்தவர் பிரான்சுவா என்பிக். கொத்து வேலையில் தொடங்கி வளர்ந்தவர். 1892-ல் அவர் பெற்ற காப்புரிமையில் இன்று நாம் செய்யும் எல்லாமே இருக்கிறது. நடுவில் கம்பி அடியில் ஓடும். சுவரையோ பீமையோ நெருங்கும்போது சில கம்பிகள் சாய்வாக மேலே ஏறும். நம் மேஸ்திரிகள் "கிராங்க்" என்று சொல்வது இதைத்தான். ஏன் மேலே ஏற வேண்டும்? ஒரு தளம் ஒரு சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் தொடர்ந்து போனால், அறைகளின் நடுவில் கீழே தொய்யும் தளம் சுவருக்கு மேல் முதுகு வளைக்கும். அங்கே இழுபடுவது மேல்பக்கம். ஆகவே கம்பி அங்கே மேலே போக வேண்டும். வில்கின்சனின் துணிக்கொடி வடிவம் 38 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. பீமைச் சுற்றி வளையம் போடுவதற்கும் இவருடைய பட்டை இரும்பு வளையங்களே முன்னோடி. தீக்குப் பயந்தவர்களிடம்தான் இவர் தொழிலை விற்றார். இரும்பு கான்கிரீட்டுக்குள் ஒளிந்திருப்பதால் சீக்கிரம் சூடேறாது. கான்கிரீட்டின் சுண்ணாம்புத்தன்மை இருக்கும்வரை துருவும் பிடிக்காது. அதற்கு முக்கால் அங்குலமாவது கான்கிரீட் கம்பிக்கு வெளியே போர்த்தியிருக்க வேண்டும். இந்தப் போர்வைக்குத்தான் "கவர்" என்று பெயர்.

கணக்கு தெரிந்துவிட்டது. ஆனாலும் விபத்துகள் நின்றுவிடவில்லை. 1901-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஓட்டல் கட்டடம் இடிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு 1903-ல் அந்த நாடு கான்கிரீட் வேலைக்குத் தற்காலிக விதிகள் வகுத்தது. 1904-ல் பிரஷ்யாவும் 1906-ல் பிரான்சும் அரசு விதிகளை வெளியிட்டன. அதே 1906-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டர்னர் என்ற பொறியாளர் பீமே இல்லாமல், தூண் தலையைக் காளான் போல விரித்துத் தளம் போட்டார். சுவிட்சர்லாந்தின் மையாரும் தனியாக அதே வழியைக் கண்டார். அங்கேயும் கேள்வி ஒன்றுதான். தூண் தலைக்கு மேல் எந்தப் பக்கம் இழுபடும்? மேல்பக்கம். கம்பி அங்கே மேலே.

இனி நம் ஊர். இந்தியாவில் முதன்முதலில் சிமெண்ட் செய்ய முயன்றது சென்னையில்தான். 1904-ல், கடல் கிளிஞ்சல்களை வைத்து. அது நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. 1912-ல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை எஃகு வார்க்கத் தொடங்கியது. கம்பியும் சிமெண்டும் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் தேக்குக் கட்டைக்கு ஓய்வு வந்தது. டால்மியாபுரம் ஆலை 1939-ல், தாழையூத்து சங்கர்நகர் ஆலை 1949-ல். இந்தியத் தர நிறுவனத்தின் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 முதலில் 1953-ல் வந்தது. திருத்தித் திருத்தி வந்து, 2000-ஆம் ஆண்டுப் பதிப்புத்தான் நான் வாங்கிப் படித்தது.

என் அப்பா காலத்தில் சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டும். 1982-ல் பாதிக் கட்டுப்பாடும் 1989-ல் முழுக் கட்டுப்பாடும் நீங்கின. அதன் பிறகுதான் ஆசிரியர், குமாஸ்தா, சிறு கடைக்காரர் எல்லாரும் ரூஃப் போட்ட வீடு கட்டினோம். கம்பியும் மாறியது. பழைய வழவழப்புக் கம்பி கான்கிரீட்டுக்குள் வழுக்கும் என்பதால் இரு முனையிலும் கொக்கி வளைப்பார்கள். அமெரிக்காவில் ரான்சம் என்பவர் 1884-லேயே சதுரக் கம்பியை முறுக்கிப் பிடிப்பு உண்டாக்கினார். நம் நாட்டுக்கு முறுக்குக் கம்பி 1960-களில் வந்தது. டி.எம்.டி. கம்பி 1980-களில் தொடங்கியது. கம்பி பலமாகிக்கொண்டே வந்தது. ஆனால் எவ்வளவு பலமான கம்பியும் இடம் மாறினால் வீண்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 5 அங்குலக் கனத்தில் ஒரு பால்கனி. கம்பி மேலிருந்து 1 அங்குலத்தில் இருந்தால், அடிப்பக்கத்திலிருந்து அதற்கு 4 அங்குல உயரம். அந்த உயரம்தான் கம்பியின் கைநீளம். நீண்ட கடப்பாரை அதிகம் நெம்புகிற மாதிரி, கைநீளம் கூடினால் பலம் கூடும். மிதிபட்டுக் கம்பி 1 அங்குலம் இறங்கினால் கைநீளம் 3. பலத்தில் ஏறத்தாழ கால்பங்கு போய்விட்டது. 2 அங்குலம் இறங்கினால் பாதி போய்விட்டது. அடிவரைக்கும் போய்விட்டால் கம்பி இருந்தும் இல்லாதது போலத்தான். கம்பிக்கடைச் சீட்டில் எடை மட்டும் அப்படியே இருக்கும்.

இப்போது என் வீட்டுக் கதை.

1994-ல் நான் வீடு கட்டினேன். முன்பக்கம் 4 அடி நீட்டிய பால்கனி. கான்கிரீட்டுக்கு முதல் நாள் மாலை கம்பி மேஸ்திரி என்னிடம் வந்தார். "சார், மேல்கம்பிக்கு சேர் வைக்கணும். இன்னும் ஒரு 20 கிலோ 8 எம்எம் கம்பி வாங்கிக் கொடுங்க" என்றார். சேர் என்றால், மேல்கம்பி இறங்காமல் தாங்க, கம்பியையே நாற்காலிக் கால் மாதிரி வளைத்து அடியில் வைப்பது. ஏற்கெனவே கடன் கழுத்துவரை வந்திருந்தது. கம்பி அதிகமாக வாங்கச் சொல்லி மிச்சத்தை எடுத்துப்போகப் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு நினைப்பு. "அதெல்லாம் வேணாம் மேஸ்திரி, ஜல்லிய முட்டு வச்சுக்கலாம்" என்றேன். அவர் பேசவில்லை. மிஞ்சிப்போனால் 300 ரூபாய் ஆகியிருக்கும்.

மறுநாள் 30 பேர் சட்டி சுமந்து அந்தக் கம்பி மேலேயே நடந்தார்கள். நான் கீழே கறிச்சோற்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் முட்டைப் பிரித்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், நிழலுக்காகச் சித்தாள் ஒருவர் பால்கனிக்கு அடியில் உட்கார்ந்தார். சுவரோரம் மேலே வெடித்து, பெட்டி மூடி மாதிரி முழுத்தளமும் மடங்கி விழுந்தது. சத்தம் கேட்டு அவர் பாதி எழுந்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது.

உயிர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு அவரால் தலைச்சுமை தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நான்தான் கொடுத்தேன். ஊரில் அதற்காக என்னைப் புகழ்ந்தார்கள். உடைந்த தளத்தைப் பார்த்தபோது கம்பி முழுவதும் அடியில் கிடந்தது. "வேலைக்காரங்க சரியில்ல" என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அவருடைய மகன் அப்போது என் வகுப்பில், இரண்டாவது பெஞ்சில். அந்த ஆண்டு நான் சாக்பீஸ் பாடம் நடத்தவில்லை.

அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பி வேலைக்குப் போனான். இன்று அவனே மேஸ்திரி. அவனுக்குக் கீழே 12 பேர். போன மாதம் பக்கத்துத் தெருவில் அவன் வேலை. "சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். மேலே ஏறினேன். கீழ்க்கம்பிக்கு அடியில் வரிசையாகக் கவர் பிளாக். பால்கனியில் மேல்கம்பிக்கு இரண்டு அடிக்கு ஒரு சேர். ஆட்கள் நடக்கக் கம்பி மேல் படாமல் பலகைப் பாதை. "அழுத்திப் பாருங்க சார்" என்றான். கையை ஊன்றி அழுத்தினேன். இறங்கவில்லை.

முப்பது வருஷம் சொல்லாததை அன்று சொன்னேன். "தம்பி, அன்னைக்கு மேஸ்திரி சேர் கேட்டார். நான்தான் வேண்டாம்னேன்." அவன் கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டே, "தெரியும் சார். அவர்கிட்டதான நான் வேலை கத்துக்கிட்டேன்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. டீ வாங்கிவர ஆள் அனுப்பினான். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், அந்த அம்மாவிடமும் சொன்னேன். "காபி சாப்பிடுங்க சார்" என்றார். மன்னித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் என் மருமகன் படத்தைப் பார்த்ததும் கை நடுங்கியது. உங்களுக்கும் சொல்கிறேன். கம்பியின் அளவையும் இடைவெளியையும் இன்ஜினியர் தீர்மானிக்கட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது இவை.

கீழ்க்கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா? உடைந்த ஜல்லியும் ஓட்டுத்துண்டும் நகர்ந்துவிடும், அவை வேண்டாம். 10 அடிக்கு 15 அடி அறை என்றால், 10 அடிப் பக்கமாக ஓடும் கம்பிதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டும். பாரத்தில் பெரும்பங்கைக் குறுகிய பக்கம்தான் சுமக்கும். சுவருக்கும் பீமுக்கும் மேலே மேல்கம்பி இருக்கிறதா? பால்கனி, சன்ஷேட் கம்பி மேலே நிற்கிறதா, அது உள்தளத்துக்குள் போதுமான நீளம் போயிருக்கிறதா? நடப்பதற்குப் பலகை இருக்கிறதா? கான்கிரீட் கொட்டும்போது மிதிபட்ட கம்பியைத் தூக்கிவிட ஒரு ஆள் தனியாக நிற்கிறாரா?

முட்டுப் பிரிக்க அவசரப்படாதீர்கள். சாதாரண சிமெண்டுக்கு விதிநூல் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பால்கனிக்கு இன்ஜினியர் சொல்லாமல் தொடவே கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் நிறுத்தினால் நல்லது.

முக்கியமாக ஒன்று. கம்பி மேஸ்திரி "இன்னும் கொஞ்சம் கம்பி வேணும்" என்று கேட்டால், திருடப் பார்க்கிறார் என்று உடனே நினைக்காதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். தெரியாவிட்டால் இன்ஜினியரிடம் கேளுங்கள். வில்கின்சன் காலத்திலிருந்தே கம்பியின் இடம் முதலில் தெரிந்தது கையால் வேலை செய்கிறவர்களுக்குத்தான்.

என் மருமகன் வெள்ளிக்கிழமை கான்கிரீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தான். இன்ஜினியர் மறுபடி வந்து பார்த்தார். என் மாணவன் அங்கே போய்ச் சேர் வைத்துக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை என்று தங்கை சொன்னாள். நான் கொடுத்தாலும் வாங்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை நானும் காலையிலேயே அங்கே போய் மேலே நிற்பேன். கறிச்சோற்றை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்